வெயிலில் கன்றிய தோல் ஆறினால் டி.என்.ஏ.வும் சரியாகிவிட்டதா?

கேள்வி: நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வேலை. தோல் சிவந்து எரிகிறது, இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடுகிறது. உள்ளே டி.என்.ஏ. பாதிப்பும் அதோடு சரியாகிவிடும் அல்லவா? இரவில் கிரீம் பூசினால் போதுமா?

பதில்: எரிச்சல் அடங்குவது வேறு, டி.என்.ஏ. பழுது நீங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் ஆபத்து.

புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ.வின் இரட்டை இழைகளில் ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள், அதாவது தையமின்களோ சைட்டோசின்களோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் இழை கோணலாகிறது. எக்ஸ்.பி.சி. என்ற புரதம் அந்தக் கோணலைக் கண்டுபிடிக்க, மற்ற புரதங்கள் இரட்டை இழையைப் பிரிக்கின்றன. பழுதுக்கு இரு பக்கமும் இரண்டு நொதிகள் வெட்டுகின்றன. ஒட்டியது இரண்டே எழுத்து. கழற்றி எறிவதோ சுமார் 30 எழுத்துத் துண்டு! எதிர் இழையைப் பார்த்து, நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் இடைவெளியை நிரப்பும், ஒட்டும் நொதியான லிகேஸ் முனையை இணைக்கும். இதை விளக்கிய விஞ்ஞானி அஜீஸ் சான்சார் 2015-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இழையை அதிகம் வளைக்கும் பழுதுகள் சில மணி நேரத்தில் நீங்கும். ஆனால் பெரும்பான்மையானவை லேசாகவே வளைப்பவை; சட்டென்று கண்ணில் படாத அவற்றில் பல ஒரு நாள் கழிந்தும் மிச்சமிருக்கும். அதற்குள் செல் பிரியத் தொடங்கினால்?

பிரியும் முன் செல் தன் சுமார் 640 கோடி எழுத்துகளையும் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் நகலெடுக்கிறது. வழக்கமான பாலிமரேஸ் தன் பிழையைத் தானே அழித்துத் திருத்தும். தப்பியதைப் பின்னால் வரும் திருத்தப் புரதங்கள் பிடிக்கும். கடைசியில் 100 கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவுக்குக் குறையும். அவ்வளவு கறாரான நொதி ஒட்டிய எழுத்துகளின் முன் நின்றுவிடும். அப்போது கறார் குறைந்த மாற்று நொதி வந்து கடக்க உதவுகிறது. தையமின் ஜோடி என்றால் பெரும்பாலும் சரியாகவே எழுதும். ஒட்டிய சைட்டோசின் இடையில் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறியிருந்தால் எதிரே அதற்கு ஜோடியான அடினைன் வந்து அமரும். அடுத்த நகலில், சைட்டோசின் இருந்த இடத்தில் அடினைனுக்கு ஜோடியான தையமின். இப்போது இரண்டு இழையும் அழகாகப் பொருந்துகின்றன. திருத்த வரும் எந்தப் புரதத்துக்கும் அங்கே குறை தெரியாது. அது நிரந்தரம். தோல் புற்றுநோய்களில், புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் காணப்படும் மாற்றங்கள் பல இந்த வகைதான்.

எந்த கிரீமும் இப்படிப் பதிந்ததைத் திருப்பாது. பழுதின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. கன்றிய தோலை ஆறும்வரை மறுபடி வெயிலில் காட்டாதீர்கள். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் முதலில். மிச்ச இடங்களுக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வியர்த்தால் அதற்கு முன்பே. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்குங்கள். மெல்லியதாகப் பூசினால் லேபிளில் உள்ள பாதுகாப்பு கிடைக்காது. கறுத்துவிட்ட தோலுக்கும் இது பொருந்தும்: கறுப்பதே டி.என்.ஏ. அடிபட்டதற்கான எதிர்வினைதான். ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ, வடிவம் மாறும் மச்சமோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.