குழந்தை ஏன் முகம் பார்ப்பதில்லை? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் உரையாடுவதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை) பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தொட்டிருந்தன: குழந்தையின் பார்வை. ஆகவே இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்களுடைய விருப்பப்படி வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது; ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் அக்காள் மகனுக்கு ஏழு வயது, அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, மிகைத் துடிப்பு). நாம் பேசும்போது இருவருமே முகத்தைப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது? பிறகு ஏன் இரண்டு பெயர்?
– ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதில் தவறே இல்லை. வெறும் கண்ணால் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தெரியும். வேறுபாடு, நொடிக்குள் நடந்து முடிந்துவிடும் அசைவுகளில் இருக்கிறது.

கையை முழுமையாக நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகத்தின் அகலத்தை மட்டுமே நம் கண் ஒரு நேரத்தில் மிகத் துல்லியமாகக் காண்கிறது. சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கலானவை. அதனால்தான் கண் ஓரிடத்தில் கால் நொடி அளவு நின்று, சட்டென்று துள்ளி, அடுத்த இடத்தில் நிற்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் நொடிக்கு மூன்று நான்கு முறை இது நடக்கிறது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது விட்டுக் கிளம்புவது என்று ஒவ்வொரு துள்ளலுக்கும் மூளை ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். யார்பஸ் என்ற சோவியத் ஆய்வாளர் 1960-களில் ஓர் அழகிய சோதனை செய்தார். ஒரே ஓவியத்தை ஒருவரிடம் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கேள்வி கேட்டார். படத்தில் இருப்பவர்களின் வயது என்ன என்று கேட்டபோது கண் முகங்களைச் சுற்றியது. குடும்பத்தின் வசதி என்ன என்று கேட்டபோது அது அறையின் பொருள்களுக்கிடையே அலைந்தது. நாம் எதைத் தேடுகிறோமோ அதன் வழியில்தான் விழியும் போகிறது.

இன்று அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் படச்செய்து, அது கார்னியாவில் (கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் படலத்தில்) பட்டுத் திரும்பும் புள்ளிக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, குழந்தை திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று கருவிகள் நொடிக்குப் பல முறை பதிவு செய்கின்றன. அந்தப் பதிவுகளில் உங்கள் மகனும் அக்காள் மகனும் பிரிந்து தெரியத் தொடங்குகிறார்கள்.

ஆட்டிசத்தில் முதலில் மாறுவது, பார்வை எதன்மேல் போகிறது என்பது. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆமி கிளின் குழுவினர், ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு 1966-இல் வந்த ஒரு கருப்பு வெள்ளைத் திரைப்படத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். நாலு பேர் உணர்ச்சி கொந்தளிக்கப் பேசும் காட்சிகள் அவை. மற்ற இளைஞர்கள் கண்களில் செலவிட்ட நேரத்தில் பாதிக்கும் குறைவான நேரத்தையே இவர்கள் கண்களில் செலவிட்டார்கள். வாயையும், உடலையும், அறையிலிருந்த பொருள்களையும் கூடுதலாகப் பார்த்தார்கள். இந்த ஆய்வில் என் மனத்தில் நின்றது வேறொன்று. வாயை அதிகம் பார்த்தவர்கள் அன்றாட வாழ்வில் ஓரளவு நன்றாகப் பழகுபவர்களாக இருந்தார்கள். பொருள்களை அதிகம் பார்த்தவர்களுக்குத்தான் சிரமம் கூடுதல். வாயைப் பார்ப்பவர் பேச்சின் வழியாக அந்தக் காட்சியைப் பிடிக்க முயல்கிறார் என்பது இதற்கு ஒரு விளக்கம்.

ஆட்டிசத்தில் இன்னொன்றும் காணப்படுகிறது: ஓரிடத்தில் ஒட்டிய பார்வையைப் பிரித்தெடுப்பதில் தாமதம். திரையின் நடுவில் ஒரு படம் அசைந்துகொண்டிருக்கும்போதே ஓரத்தில் இன்னொரு படம் தோன்றினால், மற்ற குழந்தைகள் சட்டென்று திரும்பிவிடுவார்கள். 2004-இல் லாண்ட்ரி, பிரைசன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளை டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் வேறொரு வளர்ச்சிக் குறைபாடு) உள்ள குழந்தைகளோடும், வழக்கமான வளர்ச்சியுள்ள குழந்தைகளோடும் ஒப்பிட்டார்கள். ஆட்டிசக் குழந்தைகள் மட்டும் நடுப்படத்தை விட்டுக் கிளம்ப நெடுநேரம் எடுத்துக்கொண்டார்கள். பின்வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏ.டி.எச்.டி.யில் சிக்கல் ஏறத்தாழ எதிர்த்திசையில் இருக்கிறது. அங்கே பார்வை, நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதில்லை. வலப்புறம் ஒளி தோன்றினால் இடப்புறம் பார்க்க வேண்டும் என்று ஒரு சோதனை உண்டு. இழுக்கும் ஒளியைப் பாராமல் இருக்க, மூளையின் முன்பகுதி கண்ணைக் கட்டுப்படுத்த வேண்டும். கனடாவில் டக்ளஸ் முனோஸ் குழுவினர் 2003-இல் ஏ.டி.எச்.டி. உள்ள 114 பேரை இப்படிச் சோதித்தபோது, ஒளி தோன்றிய உடனே தம்மையறியாமல் அதன் பக்கம் திரும்பிவிடும் பிழை அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஒரு புள்ளியையே பார்த்திருக்கச் சொன்னாலும் கண் இடையிடையே நழுவியது. உங்கள் அக்காள் மகன் உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் தொடங்குகிறான். மின்விசிறியும் வாசலில் போகும் வண்டியும் அவனைப் பறித்துக்கொண்டு போகின்றன. உங்கள் மகனுக்கோ முகம் மற்றவர்களை இழுப்பதுபோல் இழுப்பதில்லை.

ஆனால் ஒன்று. ஆட்டிசம் உள்ளவர்களிலும் பலர் இந்த எதிர்ப்பக்கச் சோதனையில் தடுமாறுகிறார்கள். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதும் உண்டு; 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாடுதான் இரண்டையும் ஒருவருக்கே குறிப்பிட முதன்முறையாக இடமளித்தது. ஆகையால் ஒரே ஒரு சோதனையை வைத்து எந்தக் குழந்தையையும் தரம் பிரிக்க முடியாது.

கேள்வி: எங்கள் சிறப்புப் பள்ளியில் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். யார் வந்தாலும் முகத்தையே வாஞ்சையோடு பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் நான் ஒரு பொம்மையைச் சுட்டிக்காட்டினால் அதைப் பார்க்கமாட்டாள். என் முகத்தைத்தான் பார்ப்பாள். முகம் பார்ப்பது நல்லதுதானே? பிறகு ஏன் சொற்களைக் கற்கத் தாமதம்?
– ஓர் ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: இவ்வளவு நுட்பமாகக் கவனித்ததற்கு உங்களைப் பாராட்ட வேண்டும், ஆசிரியை அவர்களே. நீங்கள் வகுப்பறையில் கண்டதை ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்பது மரபணுக்களைத் தாங்கும் ஏழாம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இல்லாமற் போவதால் வருவது. ஆட்டிசத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஆய்வாளர்களுக்குத் தனி ஆர்வம் உண்டு. பிரிட்டனில் டெபோரா ரிபி, பீட்டர் ஹான்காக் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் இருக்கும் அதே படங்களை இரு தரப்பினருக்கும் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் முகங்களில் வழக்கத்தைவிடக் குறைவாக நின்றார்கள். வில்லியம்ஸ் உள்ளவர்கள் வழக்கத்தைவிட நெடுநேரம், அதிலும் கண்களில், நின்றார்கள்.

ஒன்று குறை, மற்றொன்று நிறை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. லண்டனில் அன்னெட் கார்மிலாஃப்-ஸ்மித் என்ற ஆய்வாளர் பல்லாண்டு வலியுறுத்தியது இதைத்தான். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வில்லியம்ஸ் உள்ள சிறு குழந்தைகள் பெரியவர்களின் முகத்தில் மிகுந்த ஈடுபாடு காட்டினாலும், சுட்டும் விரலைப் பின்தொடர்வதில் பின்தங்கியிருந்தார்கள். மறு ஆண்டில் வந்த ஆய்வு அதற்கான காரணத்தில் ஒன்றைக் காட்டியது: ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் துள்ளலைத் திட்டமிடுவதே இக்குழந்தைகளுக்குக் கடினமாக இருந்தது. அதே ஆய்வில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் துள்ளலில் அப்படிப்பட்ட சிரமம் தெரியவில்லை. ஒன்றில் கவனத்தை நீடித்து வைப்பதில்தான் அவர்களுக்குக் குறை இருந்தது.

நாம் ஒரு சொல்லைக் கற்பது எப்படி? அம்மா 'காக்கா' என்கிறார். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது, அவர் பார்வை போகும் திசையில் தானும் பார்க்கிறது, கிளையில் காக்கையைக் காண்கிறது. முகம், பொருள், மீண்டும் முகம் என்ற இந்த முக்கோணம் முடிந்தால்தான் சொல் பொருளோடு ஒட்டும். முகத்திலிருந்து கிளம்ப முடியாத குழந்தைக்கும் இந்த முக்கோணம் முடிவதில்லை; முகத்துக்கே வராத குழந்தைக்கும் முடிவதில்லை. ஆகவே உங்கள் மாணவிக்குத் தொலைவில் சுட்டிக்காட்டுவதற்குப் பதிலாக, பொம்மையை உங்கள் கன்னத்தருகே கொண்டுவந்து, அவள் பார்வை அதன்மேல் விழுந்த பிறகு பெயரைச் சொல்லி, பிறகு மெல்ல விலக்கிப் பாருங்கள். அவசரம் வேண்டாம், அவள் கண் கிளம்புவதற்குச் சில நொடிகள் காத்திருங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஒரு வயது வரை நான் செல்போனைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன். அதனால்தான் கண் பார்க்காமல் போய்விட்டானா? இந்த எண்ணத்தால் இரவில் உறக்கம் வருவதில்லை.
– ஒரு தாய், விழுப்புரம்

பதில்: அம்மா, அந்தப் பழியை நீங்கள் உங்கள்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், இரண்டு வயதுக்குட்பட்ட இரட்டைக் குழந்தைகள் மனிதர்கள் வரும் காட்சிகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளந்தார்கள். கண்களைப் பார்க்கும் அளவில், மரபணுக்கள் முழுவதும் ஒத்த இரட்டையரிடையே ஒற்றுமை 0.91 (1 என்றால் முழு ஒற்றுமை), சாதாரண உடன்பிறப்புகளைப் போல் பாதியளவே ஒத்த இரட்டையரிடையே 0.35 மட்டும். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்பவர்கள்தாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் குறைந்து காணப்பட்டதும் இதே பார்வைதான். அது பெரும்பாலும் மரபணுக்களின் வழியே வருவது. திரையைக் குறைத்துப் பேச்சைக் கூட்டுவது எந்தக் குழந்தைக்கும் நல்லது. அது வேறு செய்தி.

கேள்வி: பயிற்சி மையத்தில் என் மகனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "என் கண்ணைப் பார்" என்கிறார்கள். அவன் அழுகிறான். இது தேவையா?
– ஒரு தந்தை, யாழ்ப்பாணம்

பதில்: தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

கண்ணைத் தவிர்ப்பதற்கும் காரணம் ஒன்றல்ல. ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாடு உள்ளவர்கள் பலர் எதிரில் இருப்பவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்; முகப்படங்களைக் காணும்போது அவர்களுடைய கண்மணி கூடுதலாக விரிவதும் பதிவாகியிருக்கிறது. உள்ளே எழும் பதற்றத்தின் அறிகுறி அது. ஆட்டிசத்தில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நுஷின் ஹட்ஜிகானி குழுவினர் 2017-இல், ஆட்டிசம் உள்ளவர்களைக் கண் பகுதியையே பார்க்குமாறு கட்டாயப்படுத்தியபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளையின் ஆழ்பகுதிகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதைக் கண்டார்கள். அதே ஆண்டில் கிளின் குழுவினர் இரண்டு வயதுக் குழந்தைகளின் பார்வையைக் கண்களை நோக்கித் திருப்பிப் பார்த்தபோது, அவர்கள் அதிர்ந்து விலகவில்லை. கண் அவர்களுக்கு ஒரு செய்தியாகவே படவில்லை என்று தோன்றியது. சிறு வயதில் அக்கறையின்மையாகத் தொடங்குவது, ஆண்டுக்கணக்கான வற்புறுத்தலுக்குப் பின் அச்சமாக முதிரக்கூடுமோ என்று நான் எண்ணுவதுண்டு. இது என் ஊகம் மட்டுமே. எந்த விளக்கம் சரியானாலும் தாடையைப் பிடிப்பது உதவாது. அச்சப்படும் குழந்தைக்கு அது வதை. அக்கறையில்லாத குழந்தைக்கு அது பொருளற்ற கட்டளை.

நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும்போது தலைதாழ்த்திக் கேட்பதை மரியாதை என்றே சொல்லி வளர்த்திருக்கிறோம். கண்ணோடு கண் பார்ப்பதே உறவின் ஒரே அளவுகோல் அன்று. அவன் விளையாடும் பொருளுக்கு எதிரே, அவன் உயரத்துக்குத் தரையில் அமர்ந்து, அவன் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். பார்வை வரும்போது வரட்டும்.

கேள்வி: டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் சிரமம்) உள்ள மகளுக்குக் கண் பயிற்சி அளித்தால் வாசிப்பு சரியாகும் என்று கட்டணம் கேட்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பணத்தை வீணாக்காதீர்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களின் கண் ஒவ்வொரு சொல்லிலும் நெடுநேரம் நிற்பதும், அடிக்கடி பின்னால் திரும்புவதும் உண்மை. ஆனால் அது விளைவு, காரணம் அன்று. எழுத்தை ஒலியோடு இணைக்கத் தடுமாறும்போது கண் திரும்பிப் பார்க்கத்தானே செய்யும்? அவர்களுடைய நிலைக்கு ஏற்ற எளிய பாடத்தைக் கொடுத்தால் அசைவும் பெரிதும் சீராகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிக்கை வெளியிட்டு, இப்பயிற்சிகளுக்கு ஆதாரமில்லை என்று சொல்லியிருக்கின்றன. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியரைத் தேடுங்கள்.

கேள்வி: கருவியில் பார்வையைப் பதிவு செய்து ஆட்டிசத்தை உறுதிப்படுத்த முடியும் என்று படித்தேன். அதற்காகக் காத்திருக்கலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: காத்திருக்க வேண்டாம். அத்தகைய கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கிடைத்தது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, நிபுணரின் மதிப்பீட்டுக்குத் துணையாக. ஆறு சிறப்பு மருத்துவ மையங்களில் 475 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நிபுணர்கள் ஆட்டிசம் என்று முடிவு செய்த 100 குழந்தைகளில் 71 பேரைக் கருவி சரியாகக் கண்டது, 29 பேரைத் தவறவிட்டது. ஆட்டிசம் இல்லாத 100 பேரில் ஏறத்தாழ 19 பேரைத் தவறாகச் சேர்த்தது. சான் டியாகோவில் கேரன் பியர்ஸ் 2011-இல் வெளியிட்ட சோதனையில், குழந்தைகளுக்கு ஒரு பக்கம் அசையும் வடிவங்களையும் மறு பக்கம் ஆடும் சிறுவர்களையும் காட்டினார்கள். நேரத்தில் 69 விழுக்காட்டுக்கு மேல் வடிவங்களையே பார்த்த குழந்தைகள் அனைவருக்கும் ஆட்டிசம் இருந்தது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோர் வடிவங்களை அப்படி விரும்பவே இல்லை. நம் நாட்டிலும், டெல்லியில், சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்கே எடுத்துச் செல்லக்கூடிய டேப்லெட் செயலி ஒன்று ஆய்வுக்குள்ளாகியிருக்கிறது. அம்முயற்சி மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வழி இது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்கு முதலில் செவித்திறனையும் கண்பார்வையையும் சோதியுங்கள். பிறகு, மாவட்டத்தில் அரசு நடத்தும் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குச் செல்லுங்கள்; அங்கே சோதனைக்குக் கட்டணம் இல்லை. போகும்போது, வீட்டில் இயல்பாக விளையாடும் குழந்தையின் சில நிமிடக் காணொளியைச் செல்போனில் எடுத்துச் செல்லுங்கள். புதிய அறையில், புதிய மனிதர்களின் முன்னால், குழந்தையின் பார்வை வீட்டில் இருப்பதுபோல் இருக்காது.