பள்ளிக்கூடச் சாப்பாடு தரமில்லையா? சமைத்தவள் எழுதுகிறேன்

கேள்வி: எனது மகன் யாழ்ப்பாணத்தில் தரம் 2 படிக்கிறான். பாடசாலையில் தரும் உணவைத் தொடுவதே இல்லை. கன்ரீனில் றோல்ஸ் வாங்கக் காசு கேட்டு அழுகிறான். அந்த உணவில் தரம் இல்லையா? அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கட்டிக் கொடுக்கலாமா?

"தரம் இல்லையா" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. அந்தச் சோற்றைச் சமைத்தவள் நான். உங்கள் மகனின் பள்ளிக்கூடத்தில் இல்லை, தென்மராட்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். ஆரம்பப் பிரிவில் 63 பிள்ளைகள். 2024 மார்ச் 25 இல், அரச பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு என்று தொடங்கினார்களே, அந்த வருடம் சித்திரை லீவு முடிந்த கையோடு நானும் என் மச்சாளும் பொறுப்பெடுத்தோம். 2025 இரண்டாம் தவணை வரை சமைத்தோம். பிறகு அம்மாவுக்குச் சுகமில்லாமல் வந்தபடியால் விட்டேன். என்னை யாரும் நிற்பாட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சமைத்தவ தன் சோற்றை நல்லதென்றுதானே சொல்லுவா" என்று கீழே யாராவது எழுதக்கூடும். எல்லாப் பள்ளிக்கூடத்துச் சமையலுக்கும் நான் பிணை நிற்கவில்லை. தண்ணிப் பருப்பைக் காட்டிக் காசெடுத்த ஆட்களை எனக்கும் தெரியும். பிள்ளை திருப்பிக் கொண்டுவரும் சாப்பாட்டுக்கு நூறு காரணம் இருக்கும், அதில் தரம் என்பது ஒன்று, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

நீங்களும் வேலைக்குப் போகிறவ என்று நினைக்கிறேன். விடிய ஆறரைக்குப் பிள்ளையை எழுப்பி, அவன் அரைத்தூக்கத்தில் நிற்க, ஒரு பால்தேத்தண்ணியும் நாலு பிஸ்கற்றும் கொடுத்து அனுப்புவீர்கள். குறை சொல்லவில்லை, என் மூத்தவளையும் அப்படித்தான் அனுப்பினேன். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு மணிக்குச் சோறு போடுவோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்னம் பிஸ்கற் தின்ற வயிற்றில் அது எப்படி இறங்கும்? எங்கள் பகுதி மிட்வைப் மிஸி (குடும்பநல மருத்துவிச்சி) ஒருநாள் குசினிக்கு வந்து சொன்னா: "கீரைக்கு இறக்கினாப் பிறகு தேசிப்புளி விடுங்கோ, அப்பதான் இரும்புச்சத்து உடம்பில சேரும். சாப்பாட்டோட தேத்தண்ணி குடுத்தா அது சேராது." அன்றிலிருந்து என் முருங்கை இலை வறையில் தேசிக்காய் இல்லாத நாள் இல்லை. ஆகவே பள்ளிக்கூட நாளில் அந்தத் தேத்தண்ணியை நிற்பாட்டிப் பாருங்கோ. ஒரு வாழைப்பழம் போதும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கிழமையில் ஒருநாள் கடலை (கொண்டைக்கடலை), ஒருநாள் பயறு அல்லது கௌபி (தட்டைப்பயறு), மற்ற நாள் சோறு. கடலைக்கு முதல் நாள் பின்னேரமே ஊறப்போட்டு, விடியப்புறம் விறகடுப்பில் அவித்து, கடுகும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தாளித்து, தேங்காய்ச் சொட்டு கலந்து எடுப்பேன். என் கடலைக்கு வீட்டில் ஆள் அடிபடும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம், நாலாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் திரும்ப வந்து கேட்பார்கள். முதலாம், இரண்டாம் ஆண்டுக் கோப்பைகள் மட்டும் அப்படியே திரும்பி வரும். வாளியில் கொட்டும்போது நெஞ்சு எரியும். ரீச்சர் ஒருவர் சொன்னார்: "சின்னனுகள் செல்லம் அக்கா, கன்ரீனுக்குப் போகப் பாக்குதுகள்." நானும் அதை நம்பி ஒரு தவணை முழுக்க அந்தப் பிள்ளைகள் மேல் கோபமாய் இருந்தேன். நினைத்தால் இப்பவும் கவலை.

பிறகு ஒருநாள் மச்சாள் பாத்திரம் கழுவ, நான் போய் இரண்டாம் ஆண்டு வாங்கில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் கடலையை ஒவ்வொன்றாய் எடுத்து, ஒரு கன்னத்துக்குள் ஒதுக்கி, உறிஞ்சிவிட்டு, மெல்லாமல் திரும்பக் கோப்பையில் வைத்தாள். "ஏன் மோனை சப்பேல்லை?" என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. ஒரு பக்கக் கடைவாய்ப் பல் கறுத்து, பாதி இல்லை. மற்றப் பக்கமும் சூத்தை தொடங்கியிருந்தது. "நோகுது அன்ரி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வாங்கில் இருந்த மற்றப் பிள்ளைகளிடமும் கேட்டேன். ஒன்றுக்குப் பல் ஆடுகிறது. ஒன்றுக்கு நேற்று விழுந்தது. மூன்று பேருக்குச் சூத்தை. ஆறு, ஏழு வயதில் பால்பல் விழும் என்பது பிள்ளை பெற்ற எனக்குத் தெரியாததா? 63 பேருக்குக் கிடாரத்தில் கிண்டும்போது ஒரு வாய்க்குள் என்ன இருக்கிறதென்று நினைக்கவில்லை. யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. எங்களுக்குத் தந்த சாப்பாட்டுப் பட்டியலில் "கடலை" என்றுதான் இருந்தது.

அடுத்த கிழமை சின்ன வகுப்புகளுக்குக் கடலையைக் கூடுதலாய் அவித்து, உரலில் ஒரு இடி இடித்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தேன். பயறு நாளில் குழைய அவித்த பயற்றஞ்சோறு. தூளையும் அவர்களுக்குக் குறைத்தேன், எங்கள் யாழ்ப்பாணத்துத் தூளை ஆறு வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்? வாளியில் விழுந்தது பாதியாய்க் குறைந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மீன்மணத்துக்கே ஓடுகிற ஒருவன் இருந்தான், நெத்தலி நாளில் அவனை எங்களால் வெல்லவே முடியவில்லை.

அதுக்குப் பிறகுதான் றோல்ஸ் விஷயம் விளங்கியது. றோல்ஸ் மெத்தென்று இருக்கும், பணிஸ் மெத்தென்று இருக்கும், பல் தேவையில்லை. ரொபியும் இனிப்புத் தண்ணியும் பல்லைக் கெடுக்கிறது, கெட்ட பல் கடலையை விட்டுவிட்டு மெத்தென்றதைத் தேடுகிறது, அதுவும் அதே கன்ரீனில்தான் கிடைக்கிறது. உங்கள் மகனும் றோல்ஸ்தான் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன், அவன் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் வடிவாய்ப் பார்த்தீர்களா?

தரத்தைப் பற்றிக் கேட்டபடியால் கணக்கையும் சொல்கிறேன். நாங்கள் தொடங்கிய வருடம் அரசாங்கம் ஒரு பிள்ளையின் ஒருநாள் சாப்பாட்டுக்குத் தந்தது 110 ரூபா. 63 பேருக்கு 6930. முட்டை நாள் ஒன்றின் செலவு: முட்டை 40 ரூபாப்படி 2520, அரிசி ஐந்து கிலோ 1150, தேங்காய் மூன்று 540, பருப்பு 450, கீரை 400, எண்ணெய் வெங்காயம் தூள் எல்லாம் 500, விறகு 400, சாமான் ஏற்றின ஓட்டோ 300. கூட்டிப் பாருங்கோ, 6260. மிச்சம் 670 ரூபா, இரண்டு பொம்பிளைகளுக்கு. விடிய மூன்றரைக்கு எழும்பின கூலி ஆளுக்கு 335 ரூபா. அதுவும் காசு ஒழுங்காய் வந்தால்.

வரவில்லை. 2025 தொடக்கத்தில் 48 நாட்காசு நின்றது, மூன்று லட்சத்துக்கு மேல். கேட்டால் "பில் போயிட்டுது, வரும்" என்பார்கள். கடைக்காரர் நல்ல மனிசன், அவரும் எவ்வளவுக்குத்தான் கடன் தருவார்? ஒரு கிழமை முட்டைக்குக் கடன் இல்லை என்றுவிட்டார். என் சங்கிலி அதுக்கு முந்தின மாதமே அடகில். முட்டைக்குப் பதிலாய்ச் சோயாமீற் போட்டேன், அதிபரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். அன்றைக்குத்தான் யாரோ கோப்பையைப் படமெடுத்து முகநூலில் போட்டார்கள், பிள்ளைகளின் முட்டையைத் தின்றது யார் என்று எழுதி. பின்னேரம் என் மகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஊரில் தெரிந்த முகங்கள், கனடாவில் இருக்கிற முகங்கள், எல்லாரும் "கள்ளி" என்று எழுதியிருந்தார்கள். ஒருவராவது பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கவில்லை. அன்று இரவு படுக்கவில்லை, ஆனால் விடியப் பயறு அவிக்க வேண்டியிருந்தது. அவித்தேன்.

அம்மா பக்கத்தில் இருந்து சொன்னா: "எங்கட காலத்தில பணிசும் பாலும் தந்தவை, பிறகு கெயார் எண்ட வெளிநாட்டு உதவி நிறுவனத்தின்ர பிஸ்கற் தந்தவை. அதுக்கும் ஆக்கள் கதைச்சவைதான். நாங்கள் அதைத் திண்டுதான் வளந்தனாங்கள்." அம்மா ஆறுதலுக்குச் சொன்னா. எனக்கு ஆறவில்லை, இப்பவும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது சாப்பாட்டுக் கதை இல்லை என்று சொல்வீர்கள், பரவாயில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். சீசன் ரிக்கற் வைத்திருக்கிற பிள்ளைகள் நிற்கிற தரிப்பிடத்தில் பஸ் நிற்காது. தூரத்தில் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் வேகம் கூடும். மழைக்குள் நனைந்தபடி கையைக் காட்டும் சின்னனுகளை விட்டுவிட்டுப் போகிறதை என் கண்ணால் எத்தனை நாள் கண்டேன். காசு முதலே கட்டின ரிக்கற் அல்லவா அது? முறையிட்டோம், இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் பழையபடி. அந்தப் பிள்ளைகள் எட்டரைக்கு ஓடி வரும்போது பாடம் தொடங்கியிருக்கும். ஆறின சோற்றை மூடி வைத்து இடைவேளைக்குக் கொடுப்பேன். பெரிய படிப்புப் படித்தவர்கள், சங்கம் வைத்திருப்பவர்கள், கோயில் மேளத்துக்கு லட்சம் கொடுப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில், ஒரு பஸ்ஸை ஒரு நிமிடம் நிற்பாட்ட ஆள் இல்லை.

சரி, கன்ரீன். 2015 இலேயே கல்வி அமைச்சு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் என்ன விற்கலாம், என்ன விற்கக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கை அதிபரின் கோவையில் இருக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு. பைக்கற் சாமானுக்காவது நிறக்குறி இருக்கிறது. 2016 இல் குளிர்பானப் போத்தில்களுக்கு வந்தது, 2019 இல் மற்றச் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு, உப்பு 1.25 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு, கொழுப்பு 17.5 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்து வாசிக்கக் கஷ்டம் என்றாலும் சிவப்பு வட்டம் தெரியும். கடைக்குப் போகும்போது அவனையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ, என் இளையவன் இப்ப எனக்கே சொல்லித் தருகிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற றோல்ஸுக்கு மட்டும் வட்டம் இல்லை. எந்த எண்ணெய், எத்தனையாம் தரம் காய்ந்த எண்ணெய் என்று அதில் எழுதியிராது. கன்ரீன் நடத்துகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் வாடகை கட்டுகிறார், பிள்ளை கேட்பதைத்தான் விற்கிறார். அவித்த பனங்கிழங்கும் எள்ளுருண்டையும் கச்சானும் (நிலக்கடலை) வைத்தால் வாங்குவோம் என்று நாலு பெற்றோர் சேர்ந்து பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சொன்னால், அவர் வைப்பார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கச்சானும் எள்ளுருண்டையும் அப்படித்தான் வந்தது.

வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் பள்ளிக்கூடச் சோறு, உங்கள் பிள்ளை மட்டும் வேறு பெட்டி என்று வந்தால், வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் விலகும். மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்கு அது "இல்லாதவையின்ர சோறு" ஆகிவிடும். எல்லாருக்கும் என்று கொடுக்கிறபோது எந்தப் பிள்ளையும் தலை குனியாமல் கோப்பையை நீட்டியதை நான் கண்டேன். அதனால் அவசரப்பட்டு நிற்பாட்டாதையுங்கோ.

ஒருநாள் அரைநாள் லீவு எடுத்து எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. அதிபரிடம் கேட்டுவிட்டு உங்கள் மகனுக்குப் பக்கத்தில் இருந்து, அவன் கோப்பையில் இருப்பதை நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கோ. உறைப்பா, இறுக்கமா, ஆறிவிட்டதா, இல்லை நேரம் காணாமல் மணி அடித்துவிடுகிறதா என்று தெரிந்துவிடும். பழுதான சாப்பாடு என்றால் அங்கேயே சொல்லுங்கோ, விடாதையுங்கோ, நானும் உங்கள் பக்கம்தான். பல்லில் பிழை என்றால் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் இருக்கிறது, காசு இல்லாமல் பார்ப்பார்கள். எங்கள் கடலைப் பிள்ளையை அவளின் அம்மம்மா அங்கேதான் கூட்டிக்கொண்டு போனா. அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த தவணை அவள் இடிக்காத கடலை கேட்டு என்னிடம் வந்தாள்.