சொந்த டிரக்குக்கு எந்த இன்சூரன்ஸ்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் இதுவரை சம்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கடன் வாங்கி சொந்தமாக ஒரு செமி டிரக் எடுத்துவிட்டேன். ஒரு பெரிய கேரியரிடம் (சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி) லீஸுக்கு விட்டு ஓட்டுவதா, சொந்த அதாரிட்டி (என் பெயரிலேயே சரக்கு ஏற்ற அரசு தரும் அனுமதி) எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஏஜென்ட் தந்த கொட்டேஷனில் வரிசையாக என்னென்னவோ கவரேஜ் இருக்கிறது. எது கட்டாயம், எதை விடலாம்?
வாசகர், டெக்சாஸ்

பதில்: அந்தக் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, லீஸா அதாரிட்டியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் உங்களுக்கு என்ன கவரேஜ் வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்காமலே ஒருவர் விலை போட்டுக் கொடுத்தால் வேறு ஏஜென்டையும் பாருங்கள்.

லீஸுக்கு ஓட்டினால், கேரியரின் லோடோடு போகும்போது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு லயபிலிட்டி எடுக்க வேண்டியது கேரியரின் பொறுப்பு. மிச்சம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்: டிரக்குக்கு ஃபிசிக்கல் டேமேஜ், அவர்கள் வேலையில் இல்லாத நேரத்துக்கு ஒரு லயபிலிட்டி, வேலையில் அடிபட்டால் உங்கள் உடம்புக்கு ஆக்குபேஷனல் ஆக்சிடென்ட். இதில் நடுவில் சொன்னதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த லயபிலிட்டியில் பாப்டெயில், நான்-டிரக்கிங் என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, எது மலிவோ அதை வாங்கிவிடுகிறார்கள். நான்-டிரக்கிங் என்பது சொந்த வேலையாக ஓட்டும்போது மட்டும். பாப்டெயில் பொதுவாக, டிரெய்லர் இல்லாமல் ஓட்டும் நேரத்துக்கு, டிஸ்பாட்சில் (கேரியர் அனுப்பிய வேலையில்) இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை டல்லாஸ் யார்டில் டிரெய்லரை விட்டுவிட்டு வெறும் டிரக்கோடு கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டிரெய்லரை ஹூஸ்டனில் எடுக்கச் சொல்லி டிஸ்பாட்சரிடமிருந்து ஃபோனில் மெசேஜ் வந்திருக்கிறது. வழியில் சிக்னலில் நின்ற காரில் இடித்துவிட்டால், நான்-டிரக்கிங் பாலிசி கொடுத்த கம்பெனி முதலில் கேட்பது அந்த மெசேஜைத்தான், பார்த்ததும் வேலையாகத்தான் போயிருக்கிறீர்கள் என்று கையை விரித்துவிடும். அப்புறம் கேரியரின் பாலிசி ஏற்குமா ஏற்காதா என்று இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் நிற்க வேண்டும். பாப்டெயில் இன்சூரன்ஸ் யார் எடுப்பது என்பதை லீஸ் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஏஜென்டிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

சொந்த அதாரிட்டி என்றால் கதை வேறு. மாநிலம் தாண்டி வாடகைக்குச் சாதாரண சரக்கு ஏற்றினால், எஃப்.எம்.சி.எஸ்.ஏ. (லாரிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி 7.5 லட்சம் டாலர். ஆபத்தான சரக்கு என்றால் அதன் வகையைப் பொறுத்து 10 லட்சம் அல்லது 50 லட்சம். இந்த 7.5 லட்சம் 1980களில் வைத்த தொகை, இன்றுவரை ஏறவே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு ஏறிவிட்டது என்று யோசித்துப் பாருங்கள்! அதனால் சட்டம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படியும் லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் பெரும்பாலானோர் 10 லட்சம் லயபிலிட்டியும், ஏற்றிய சரக்குக்கு 1 லட்சம் கார்கோ கவரேஜும் காட்டினால்தான் லோடே கொடுப்பார்கள்.

எம்.சி.எஸ்-90 பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலிசியோடு வரும் அந்தத் தாளைப் பார்த்து எல்லாமே கவர் ஆகிவிட்டது என்று நம்பாதீர்கள். அது பொதுமக்களைக் காப்பாற்ற வந்தது, உங்களை அல்ல. பாலிசியில் சேர்க்காத டிரக்கால் விபத்து நடந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுக்க நேரலாம், கொடுத்த பணத்தை உங்களிடமே திரும்பக் கேட்கவும் அதற்கு உரிமை உண்டு.

கேள்வி: 1 லட்சம் டாலர் கார்கோ பாலிசி வைத்திருந்தேன். வழியில் டிரெய்லரின் குளிர்சாதனம் நின்று, ஏற்றிய இறைச்சி முழுக்க வீணாகிவிட்டது. கிளெய்ம் கிடையாது என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 1 லட்சம் என்பது உச்சவரம்பு மட்டும்தான், எதற்குக் கொடுப்பார்கள் என்பது விலக்குகள் பகுதியில் இருக்கிறது. ரீஃபர் பிரேக்டவுன் (குளிர்சாதனம் பழுதாவது) பல பாலிசிகளில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்று. சேர்த்திருந்தாலும், குளிர்சாதன யூனிட்டைக் குறித்த காலத்தில் சர்வீஸ் செய்த ரசீது இல்லையென்றால் மறுக்க இடம் வைத்திருப்பார்கள். அந்த விலக்கு இருக்கிறதா, ரீஃபர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சர்வீஸ் ரசீதுகளைத் தேடி எடுத்து அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம்.

இன்சூரன்ஸ் மறுத்தாலும் சரக்குக்காரருக்கு நீங்கள் தர வேண்டிய பணம் அப்படியேதான் இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. மாநிலம் தாண்டிப் போகும் சரக்கு சேதமானால், சில விதிவிலக்குகள் தவிர, தப்பு யாருடையது என்று பார்க்காமலே சரக்கை ஏற்றிச் செல்லும் கேரியர்தான் பொறுப்பு என்கிறது 1906-இல் வந்த கார்மாக் திருத்தம். அதனால் மற்ற வாசகர்களும் கார்கோ பாலிசி வாங்கும்போது, ஆளில்லாமல் நிறுத்திய டிரக்கில் திருட்டு போனால் கவர் உண்டா, எலக்ட்ரானிக்ஸ், மதுபானம், செம்பு மாதிரிச் சரக்குக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று கேட்டு, பதிலை இமெயிலில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு கிளெய்ம் நேரத்தில் உதவாது.

கேள்வி: டிரக்கின் மதிப்பைக் கூட்டிப் போட்டால் விபத்தில் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. ‘ஸ்டேட்டட் அமவுன்ட்’ பாலிசியில் நீங்கள் எழுதிய தொகை, அன்றைய சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். கூட்டி எழுதினால் பிரீமியம்தான் வீண். குறைத்து எழுதினாலும் நஷ்டம் உங்களுக்கே. வருடா வருடம் சந்தை விலையைப் பார்த்துத் திருத்துங்கள். கடன் பாக்கி அந்த விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கான கேப் கவரேஜ் கேளுங்கள். புரண்டு கிடக்கும் டிரக்கைத் தூக்கி இழுத்துப்போக எவ்வளவு வரை தருவார்கள் என்ற வரியையும் பாருங்கள், அந்த பில் பல ஆயிரம் டாலருக்கு எகிறும்.

கேள்வி: அதாரிட்டி புதுசு, பிரீமியம் தாங்கவில்லை. எப்படிக் குறைப்பது?

பதில்: டிடக்டிபிளை (கிளெய்மில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை) கூட்டலாம், ஆனால் இன்றைக்கே வங்கியிலிருந்து எடுத்துக் கட்டக்கூடிய தொகைக்கு மேல் வேண்டாம். ஓட்டும் தூரத்தைக் குறைத்துச் சொல்வது, இன்னொரு டிரைவர் இருப்பதை மறைப்பது இதெல்லாம் கிளெய்மையே கெடுத்துவிடும். தவணை தவறிப் பாலிசி ரத்தானால் கம்பெனி எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வுக்குத் தெரிவித்துவிடும், மாற்று இன்சூரன்ஸ் வராவிட்டால் அதாரிட்டியே போய்விடும். முதல் வருடத்தைக் கிளெய்ம் இல்லாமல் கடந்துவிட்டால் பேரம் பேச இடம் கிடைக்கும். ரெனியூவலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இப்போதைய கம்பெனியிடம் ‘லாஸ் ரன்’ (இதுவரை வந்த கிளெய்ம்களின் பட்டியல்) அறிக்கை வாங்கி, குறைந்தது மூன்று ஏஜென்டுகளிடம் கொடுத்து விலை கேளுங்கள்.