விமானப் படையிலிருந்து 43 வயதில் ஓய்வு: கம்யூடேஷன் பணத்தில் தோப்பு வாங்கலாமா?

கேள்வி: சூலூர் விமானப் படைத் தளத்தில் விங் கமாண்டராக இருக்கிறேன், ஏ.என்.-32 சரக்கு விமானம் ஓட்டுகிறேன். வயது 43, பணிக்காலம் 21 ஆண்டுகள். அடிப்படைச் சம்பளம் 1,58,100 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாய். விருப்ப ஓய்வு பெற்றுத் தனியார் விமான நிறுவனத்தில் சேர நினைக்கிறேன். ஓய்வூதியத்தில் எவ்வளவு கம்யூட் செய்யலாம், அதாவது மாதத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாகப் பெறலாம்? பொள்ளாச்சி அருகே பெரியப்பா ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பை விற்கிறார். பங்காளி நிலம் வெளியாளுக்குப் போகக் கூடாது, 60 லட்சத்துக்கு நீயே வாங்கு என்கிறார் அப்பா. வீட்டுக் கடன் 22 லட்சம் பாக்கி. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு.

பதில்: அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்கத் தேவையான 20 ஆண்டுகளை நீங்கள் தாண்டிவிட்டதால், வெளியேறும் முடிவில் பெரிய ஆபத்து இல்லை. குறுகியகாலப் பணியில் 14 ஆண்டுகள் பறந்த ஒருவர் இதையே கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவருக்கு ஓய்வூதியமே கிடையாது.

கையில் வாங்கும் மொத்தச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பறத்தல் படி இந்தக் கணக்கில் சேராது. அடிப்படைச் சம்பளமும் ராணுவப் பணி ஊதியமும் சேர்ந்த 1,73,600 ரூபாயில் பாதி, அதாவது 86,800 ரூபாய்தான் உங்கள் ஓய்வூதியம். அகவிலை நிவாரணம் தனி. பணிக்கொடை உச்சவரம்பான 25 லட்சத்தைத் தொட்டுவிடும்.

முப்படையினர் ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம். உங்கள் வயதுக்கு மாதம் 43,400 ரூபாயை விட்டுக்கொடுத்தால் சுமார் 47 லட்சம் மொத்தமாக வரும். அந்த 43,400 பதினைந்து ஆண்டுகள் கழித்து, உங்கள் 58-ஆவது வயதில், மீண்டும் சேர்ந்துவிடும். வெறும் கணக்காகப் பார்த்தால் இது ஏறக்குறைய ஏழரை சதவீத வட்டிக்கு வாங்கிய கடன். ஆனால் மொத்தமாக வரும் தொகைக்கு வருமான வரி இல்லை. அதே பணத்தை ஓய்வூதியமாக மாதாமாதம் வாங்கினாலோ, விமான நிறுவனச் சம்பளத்தால் நீங்கள் 30 சதவீத வரி அடுக்குக்குள் போனபின், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வரியாகவே போய்விடும். அகவிலை நிவாரணமும் முழு 86,800-க்கே கணக்கிடப்படும். இடையில் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தாலும் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தம் இராது. ஆகவே முழு 50 சதவீதத்தையும் கம்யூட் செய்யுங்கள் என்றே தயக்கமின்றிச் சொல்வேன்.

என் கவலை எல்லாம் அந்தப் பணம் போகப்போகும் இடத்தைப் பற்றியது. விமானியின் வருமானம் முழுவதும் ஒரு மருத்துவச் சான்றிதழைப் பிடித்துத் தொங்குகிறது. படையில் உடல் தகுதி குறைந்தால் தரைப்பணி கொடுத்துச் சம்பளத்தைத் தொடர்வார்கள். வெளியே, ஆண்டுப் பரிசோதனையின் ஈ.சி.ஜி. தாளில் ஒரு கோடு பிசகினால், மறுபரிசோதனை முடியும்வரை பறக்க முடியாது, பறக்காத மாதத்துக்குச் சம்பளமும் நிச்சயமில்லை. அதற்கு முன்பே விமானிகளுக்கு உரிமம் தரும் டி.ஜி.சி.ஏ. அமைப்பின் தேர்வுகள், புதிய விமான வகைக்கான பயிற்சிச் செலவு, அதற்கு நிறுவனம் எழுதி வாங்கும் ஒப்பந்தம் என்று சில மாதங்கள் வரவு இன்றியே நகரும். இத்தகைய காலத்தில் தோப்பை அவசரத்துக்கு விற்க முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் காய்ப்பை எப்படிக் குறைத்திருக்கின்றன என்பது உங்கள் பெரியப்பாவுக்கே தெரியும். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத தோட்டங்களும் நம் பகுதியில் உண்டு. நீங்கள் டெல்லியிலோ மும்பையிலோ பணியில் இருந்துகொண்டு காய் வெட்டுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் 22 லட்சம் வீட்டுக் கடனை அடைத்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவை வைப்புநிதியில் தனியே வையுங்கள். மகளின் கல்லூரிச் செலவுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளே இருப்பதால் அந்தத் தொகையையும் பங்குச் சந்தையில் போட வேண்டாம். மீதியை மட்டும், குறைந்தது ஏழு ஆண்டுகள் தொடமாட்டீர்கள் என்றால், பரஸ்பர நிதிகளில் சிறுகச் சிறுக இறக்கலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் படையில் ஓய்வுபெற்றவர்கள் 50 வயதிலேயே சேரலாம். உங்களுக்கு அதற்குக் காலம் இருக்கிறது.

விமானப் படைக் குழுக் காப்பீடு பணியில் இருந்த அளவுக்குத் தொடராது என்பதால், வெளியேறும் முன்பே, விமானி என்று தொழிலை மறைக்காமல் எழுதி, தனியாக டெர்ம் பாலிசி எடுங்கள். மருத்துவத் தகுதி இழந்து பறக்க முடியாமல் போனால் இழப்பீடு தரும் லாஸ் ஆஃப் லைசென்ஸ் காப்பீட்டைப் புதிய நிறுவனம் தருகிறதா, எவ்வளவு தொகைக்கு, தற்காலிகத் தகுதியிழப்புக்கும் பொருந்துமா என்பதைச் சேருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். மருத்துவத்துக்கு முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது.

அப்பாவின் மனவருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. நிலம் நம் வீடுகளில் வெறும் சொத்து அல்ல. முழுத் தோப்புக்குப் பதில், பெரியப்பா பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தால் அரை ஏக்கரை மட்டும், அதுவும் புதிய வேலையில் ஓராண்டுச் சம்பளம் வந்தபின், வில்லங்கச் சான்றும் கிணற்றுப் பாத்தியமும் பார்த்துக் கிரயம் செய்யுங்கள்; அதுவரை காத்திருக்க முடியுமா என்று பெரியப்பாவிடம் இப்போதே நேரில் பேசிவிடுங்கள்.