கரும்புப் பணம் வரவில்லை, வங்கித் தவணை நெருங்குகிறது: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் மூன்று ஏக்கரில் கரும்பு பயிரிடும் விவசாயி. ஆலையின் பரிந்துரையின் பேரில் 2024 ஜூன் 20 அன்று பொதுத்துறை வங்கி ஒன்றில் ரூ.1,65,000 பயிர்க்கடன் பெற்றேன். 2025 மார்ச் 12-க்குள் 120 டன் கரும்பை வெட்டித் தனியார் ஆலைக்கு அனுப்பிவிட்டேன். டன்னுக்கு ரூ.3,151 வீதம் ரூ.3,78,120 வர வேண்டும். ஏப்ரலில் ரூ.90,000 மட்டும் வந்தது. அது வெட்டுக்கூலிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சரியாகிவிட்டது. ஆலை கொடுத்த பட்டியலில் ‘வங்கிக் கடன் பிடித்தம் ரூ.1,65,000’ என்று இருக்கிறது. வங்கியில் கேட்டால் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்கிறார்கள். ஜூன் 20-க்குள் கட்டாவிட்டால் கடன் வாராக்கடன் ஆகிவிடும் என்று மேலாளர் சொல்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டுவதா, உறவினர் தருவதாகச் சொல்லும் இரண்டு வட்டிப் பணத்தை வாங்குவதா, ஆலைப் பணம் வரும்வரை பொறுத்திருப்பதா?

பதில்: ஜூன் 20-க்குள் வங்கிக் கடனைக் கட்டிவிடுங்கள். அதற்கு நகைக்கடனே ஏற்றது. இரண்டு வட்டிப் பணம் வேண்டாம். ஆனால் நகையை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் ஆலைக்கும் வங்கிக்கும் எழுத வேண்டிய கடிதங்கள் உள்ளன. அவற்றை எழுதாமல் கட்டினால், ஒரே கடனை இரண்டு முறை அடைத்தவர் ஆகிவிடுவீர்கள்.

உங்கள் நிலைமையில் இரண்டு பாக்கிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆலை உங்களுக்குத் தர வேண்டியது ஒன்று. நீங்கள் வங்கிக்குத் தர வேண்டியது மற்றொன்று. ஆலை, வங்கி, விவசாயி ஆகிய மூவரும் சேர்ந்து செய்துகொள்ளும் முத்தரப்பு ஏற்பாட்டில், கரும்புக் கிரயத்தில், அதாவது கரும்புக்கான விலைப் பணத்தில், கடனைப் பிடித்து வங்கிக்கு அனுப்பும் பொறுப்பை ஆலை ஏற்கிறது என்பது உண்மைதான். ஆயினும் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள். ஆலை பிடித்த பணம் வங்கிக்குப் போய்ச் சேராதவரை வங்கி உங்களைத்தான் கேட்கும். தவணை தவறியதற்கான பதிவும் உங்கள் பெயரில்தான் ஏறும். எத்தனையோ கரும்பு விவசாயிகள் பட்டியலில் ‘பிடித்தம்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, கடன் முடிந்தது என்று நிம்மதியாக இருந்து, பிறகு வங்கி நோட்டீஸ் வந்த அன்று அதிர்ந்துபோயிருக்கிறார்கள். பட்டியலில் கழித்துக் காட்டுவது ஆலையின் கணக்கு. கடன் கணக்கில் வரவு வைத்தால்தான் அது உங்கள் கணக்கு.

இனி மூன்று வழிகளின் செலவைப் பார்ப்போம். கிசான் கடன் அட்டையின் கீழ் ரூ.3 லட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியத்தால் 7 சதவீத வட்டி விதிக்கப்படுகிறது. தவணைக்குள் கட்டினால் மேலும் 3 சதவீதம் ஊக்கமாகக் கிடைப்பதால், உண்மையான வட்டி 4 சதவீதமாகக் குறைகிறது. இந்தச் சலுகைகள் அதிகபட்சம் ஓராண்டுக்குத்தான். உங்கள் கடனுக்கு ஓராண்டு வட்டி ரூ.11,550, அதில் ரூ.4,950 உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது. ஜூன் 20-ஐத் தாண்டினால் இந்த ரூ.4,950 போய்விடும், அதன் பிறகான நாட்களுக்கு மானியம் இல்லாத சாதாரண வட்டி ஓடும். அதை 10 சதவீதம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், முதலும் வட்டியுமான ரூ.1,76,550-க்கு மூன்று மாதத்தில் சுமார் ரூ.4,410 ஆகிறது. ஆக, மூன்று மாதம் பொறுத்திருப்பதன் விலை ஏறக்குறைய ரூ.9,360.

அதே தொகைக்கு வங்கியில் 9.5 சதவீதத்தில் நகைக்கடன் கிடைப்பதாகக் கொண்டால், மூன்று மாத வட்டி சுமார் ரூ.4,190-தான். உறவினரின் இரண்டு வட்டி என்பது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று மாதத்தில் ரூ.10,590-ஐத் தாண்டும். தவணையைத் தவறவிடுவதைக் காட்டிலும் அது நட்டம். ஆலை ஆறு மாதம் இழுத்தடித்தால் நட்டம் இரட்டிப்பாகும். உறவுக்காரர் நல்ல மனதோடுதான் தருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆலை எப்போது பணம் தரும் என்று தெரியாத நிலையில், மாதா மாதம் வட்டி கேட்கும் கடனை வாங்குவது கரும்புக்காரர்களைக் கவிழ்த்த பழைய வழி.

நகையை நீண்ட நாள் அடகில் விட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது. பழைய கடனை முழுவதும் கட்டிய பிறகு கிசான் கடன் அட்டையின் வரம்பைப் புதுப்பிக்கும்படி அன்றே எழுதிக் கொடுங்கள். மறுதாம்புக்கான, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் கரும்புக்கான உரம், பார் அணைப்பு, களையெடுப்பு ஆகியவற்றுக்குப் புதிய கடனைப் பயன்படுத்தினால், அந்தச் செலவுக்கென்று நீங்கள் ஒதுக்கியிருக்கும் கைப்பணம் நகையை மீட்க உதவும். புதுப்பிக்கும்போது நிலத்தை அடமானமாக எழுதித் தரும்படி கேட்டால், 2025 ஜனவரி 1 முதல் ரூ.2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்குப் பிணை தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி அறிவித்திருப்பதைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

மேலாளர் சொன்ன வாராக்கடன் விஷயத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பயிர்க்கடன் தவணை தவறிய மறுநாளே வாராக்கடன் ஆவதில்லை. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பயிர்ப் பருவங்களும், ஓராண்டுக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பயிர்ப் பருவமும் பாக்கி நின்ற பிறகே அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் கரும்பை வங்கி எந்த வகையில் வைத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனவே பயந்துபோய் எந்த வட்டிக்கும் பணம் புரட்ட வேண்டிய நெருக்கடி இல்லை. ஆனால் தவணை கடந்த நாட்கள் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் அதற்கு முன்பே ஏறிவிடும் என்பதால், நாளை மகளுக்குக் கல்விக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரலாம்.

அடுத்தது கடிதங்கள். நகையை அடகு வைக்கும் முன் ஆலைக்கு எழுதுங்கள். உங்கள் பதிவு எண், ஒவ்வொரு எடைச்சீட்டின் தேதி, மொத்த எடை, பெற்ற தொகை, பாக்கித் தொகையான ரூ.2,88,120 ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘வங்கிக் கடன் பிடித்தம் என்று காட்டப்பட்ட ரூ.1,65,000 எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு அனுப்பப்பட்டது’ என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால், கடனை நீங்களே கட்டவிருப்பதால், அந்தத் தொகையை வங்கிக்கு அனுப்பாமல் உங்கள் சேமிப்புக் கணக்குக்கே அனுப்பும்படி வெளிப்படையாக எழுதுங்கள். பணத்தைக் கட்டிய அன்று வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் முழுவதும் உங்கள் சொந்தப் பணத்தில் அடைக்கப்பட்டது, இனி ஆலையிலிருந்து இந்தக் கடனுக்கென்று வரும் எந்தத் தொகையையும் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பதே அதில் இருக்க வேண்டியது. இல்லாவிட்டால் நான்கு மாதம் கழித்து ஆலை அனுப்பும் பணம் புதிய கடன் கணக்கில் போய் விழும்; நகை அடகிலேயே இருக்கும். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

தாமதத்துக்கு ஆலை உங்களுக்கு வட்டி தர வேண்டும் என்பதை உங்கள் கேள்வி தொடவே இல்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் ஆலை கிரயத்தைக் கொடுக்க வேண்டும். தவறினால் அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி தர வேண்டும். உங்கள் கடைசி லோடு மார்ச் 12-ல் போயிருப்பதால், மார்ச் 27 முதல் வட்டி ஓடுகிறது. ரூ.2,88,120-க்கு ஒரு நாள் வட்டி சுமார் ரூ.118. ஜூன் 20 வரையிலான 86 நாட்களுக்கு ஏறக்குறைய ரூ.10,180 வருகிறது. நகைக்கடன் வட்டியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டு வங்கிக்கு அனுப்பாத தொகையும் கொடுக்கப்படாத கிரயம்தான் என்பது என் கருத்து. ஆகவே அதையும் சேர்த்தே வட்டி கேளுங்கள்.

இந்த வட்டி எழுத்தில் இருக்கிறதே தவிர, ஆலைகள் தாமாக முன்வந்து கொடுப்பது அரிது. கேட்காத வட்டி கிடைக்காது. கேட்டாலும் முழுவதும் கிடைக்கும் என்று உங்கள் வரவுக் கணக்கில் எழுதிவிட வேண்டாம். இருந்தும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாக்கியை மட்டுமாவது முதலில் தீர்த்துவிடுவோம் என்று ஆலை இறங்கிவரும் இடம் பெரும்பாலும் இந்த வட்டிக் கோரிக்கைதான். கடிதத்தின் நகல்களை மாவட்ட ஆட்சியருக்கும் சர்க்கரைத் துறைக்கும் அனுப்புங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுவாகக் கொடுத்து எண் வாங்குங்கள். ஆலை தராத கிரயத்தை, அரசு அளிக்கும் சான்றின் பேரில், நிலவரி பாக்கியைப் போல ஆட்சியர் வசூலிக்க அதே ஆணை வழி செய்கிறது. ஒரு விவசாயியின் மனுவைக் காட்டிலும் அதே ஆலைக்குக் கரும்பு அனுப்பிய நாற்பது பேரின் மனுக்கள் ஒரே நாளில் போனால் அந்தச் சான்று விரைவாகக் கிளம்பும் என்பது அலுவலகங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். பாக்கியை ஒப்புக்கொண்டு ஆலை தரும் எந்தக் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். அந்த அவகாசத்துக்குள் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் காலம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒருவேளை ஆலை திவால் நடவடிக்கைக்குள் போனால் வசூல் நடவடிக்கைகள் நின்றுவிடும். அப்போது அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் உரிய படிவத்தில் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

வங்கிக்குப் போகும் நாளில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். கடன் கணக்கின் முழு விவர அறிக்கையை வாங்கி, உங்கள் பெயரில் எத்தனை கடன்கள் உள்ளன என்று சரிபாருங்கள். தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் 2022 இறுதியில் கரும்பு விவசாயிகள் தொடங்கிய நீண்ட போராட்டத்தில், கிரய பாக்கியோடு, தங்கள் பெயரில் தங்களுக்குத் தெரியாமலேயே வங்கிக் கடன் எடுக்கப்பட்டதாகச் சொன்ன புகாரும் முக்கியமாக இருந்தது. ஆலையின் பரிந்துரையில் கடன் வாங்குபவர்கள் வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மகளின் கைப்பேசியிலேயே அதை எடுத்துவிடலாம். அதில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத கடன் இருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

மாநில அரசு 2024-25 அரவைப் பருவத்துக்கு அறிவித்திருக்கும் டன்னுக்கு ரூ.349 சிறப்பு ஊக்கத்தொகை உங்களுக்கு ரூ.41,880 வரும். இது ஆலை வழியாக வராமல் நேரடியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் தொகை. எந்தக் கணக்கு எண் பதிவாகியிருக்கிறது, பெயரும் ஆதாரும் பொருந்துகின்றனவா என்று ஆலையின் கரும்பு அலுவலரிடம் இப்போதே சரிபாருங்கள். கடன் தவணை தவறி நிற்கும் அதே வங்கியில் இந்தத் தொகை வந்தால், வங்கி அதைக் கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ள முயலலாம். நீங்கள் ஜூன் 20-க்குள் கட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை எழாது. வரும் தொகையை அப்படியே நகையை மீட்கச் செலுத்தலாம்.

மறுதாம்பை எப்படியும் பதிவு செய்யத்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 14 நாள் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இரு தரப்பும் எழுத்துப்பூர்வமாக வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் அந்தக் காலக்கெடு பொருந்தாது என்று ஆணையே சொல்கிறது. பதிவுப் படிவத்தின் பொடி எழுத்தில் ‘ஆலையின் நிதி வசதிக்கேற்பக் கிரயம் வழங்கப்படும்’ என்பது போன்ற வாசகம் இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஆட்சேபத்துடன் கையெழுத்திடுவதாகப் பக்கத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சென்ற ஆண்டு நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் தேடி எடுத்துப் பாருங்கள். அதில் அப்படி ஒரு வரி இருந்தால், மேலே சொன்ன வட்டிக் கோரிக்கையை அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடமோ உங்கள் விவசாயிகள் சங்கத்திடமோ காட்டிவிடுங்கள்.