மலிவுச் செலவு இத்தாலிய வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களில் அப்படி என்ன இருக்கிறது?

உதட்டசைவு ஒட்டவில்லை, கதையில் ஓட்டை என்று இந்தப் படங்களைப் பற்றிப் பலர் சொல்லும் குறைகள் உண்மைதான். 1960களின் இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவதில்லை. நடிகர்கள் பலர் தத்தம் மொழியில் பேசுவார்கள். குரல் பிறகு சேரும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியாகத் தெரிவது பல படங்களில் ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதி. ஒரு படம் ஓடிவிட்டால் அதே பெயரில் வரிசையாகப் போலிகள் வரும். அவற்றில் பல பார்க்கச் சகிக்காது.

ஆனால் இயக்குநர் செர்ஜியோ கோர்புச்சியின் 'ஜாங்கோ'வை (1966) பாருங்கள். குதிரையில்லாத நாயகன் முதுகில் சேணத்தைச் சுமந்து, சவப்பெட்டி ஒன்றைச் சேற்றில் இழுத்து வருகிறான். ஊர்த் தெருவெல்லாம் சேறு! பளபளப்பான ஹாலிவுட் ஊர்களைவிட எனக்கு இதுவே நிஜமாகப் படுகிறது. பெட்டிக்குள் என்ன என்ற ஆவல் ஒன்றே நம்மைக் கட்டிப்போட்டுவிடும். நீங்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.