அப்பா காலத்து டயல் போனில் சிம் போடலாமா?

கேள்வி: அப்பா காலத்து ஐடிஐ கறுப்பு டயல் போன் பரணில் கிடக்கிறது. உள்ளே சிம் வைத்து செல்போனாக மாற்றித் தர ஒரு கடைக்காரர் 6,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உள்ளே எந்த மாட்யூலை (சிம் போட்டுப் பேச வைக்கும் சின்ன சர்க்யூட்டை) வைக்கப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் சிம்800 என்றால் அது வெறும் 2ஜி. ஜியோவில் 2ஜியே இல்லாததால் அந்த சிம் வேலை செய்யாது. ஏர்டெல், பிஎஸ்என்எல் சிம்மில் இன்றைக்குப் பேசலாம், 2ஜியை மூடும் நாளில் போன் மறுபடி பரணுக்குத்தான். 4ஜி என்று சொன்னாலும் விடாதீர்கள். டேட்டாவுக்கு மட்டுமான 4ஜி மாட்யூல்களும் உண்டு. 4ஜியிலேயே பேச வைப்பது வோல்ட்இ (VoLTE); ‘வோல்ட்இ அழைப்பு வசதி’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

சரி, என்னைக் கேட்டால் போனைத் திறக்கவே வேண்டாம். அந்த மணி அடிக்க ஏறக்குறைய 75 வோல்ட் ஏசி வேண்டும். சின்ன பேட்டரியை வைத்து அதைச் செய்வது சிரமம் என்பதால், பலர் மணியைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் ரிங்டோன் வைத்துவிடுகிறார்கள். கார்பன் மைக்கும் போய்விடும். மிஞ்சுவது கூடு. அதற்கா 6,500?

இதற்கென்றே எஃப்சிடி (ஃபிக்ஸ்டு செல்லுலார் டெர்மினல்) என்று ஒரு பெட்டி விற்கிறது. சிம்மை அதில் போட்டு, பழைய போனின் வயரைப் பின்னால் செருகினால் போதும். போனுக்கு ஒரு கீறல் விழாது. மணி மட்டும் கொஞ்சம் மெலிந்து ஒலிக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது டயலைத்தான். டயல் திரும்பி வரும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கும்: 1-க்கு ஒரு தடவை, 0-க்குப் பத்துத் தடவை. இந்தப் ‘பல்ஸை’ எண்ணத் தெரியாத, பட்டன் போனின் டோன் மட்டுமே புரிகிற பெட்டிகள் நிறைய. நானே ஒன்று வாங்கி ஏமாந்தேன். மணி அடித்தது, பேச முடிந்தது, டயலைச் சுற்றினால் பெட்டி கல் மாதிரி இருந்தது. அதனால் போனையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், உங்கள் செல் நம்பரைச் சுற்றிப் பாருங்கள். அப்புறம், பெட்டியின் அடியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் பில்லில் இருக்கட்டும். கடைக்காரர் பின்னால் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஓடிபி வரும் சிம்மை இதில் போடாதீர்கள். எஸ்எம்எஸ் படிக்க இடமில்லை. ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்று கேட்டாலும் இந்த போனுக்கு அழுத்தத் தெரியாது.

கேள்வி: ஆன்லைனில் பித்தளை ‘ஆன்டிக்’ டயல் போன் வருகிறதே, அது எப்படி?

பதில்: பெரும்பாலும் புதிதாகச் செய்தவை. டயல் துளைக்குள் பட்டன் இருக்கும், சுற்றாது, அழுத்த வேண்டும். பழம்பொருள் என்று அதிக விலை கொடுக்காதீர்கள். ஆனால் ஒன்று, டோன் போன் என்பதால் மேலே சொன்ன பெட்டிகளில் மலிவானதே இதற்குப் போதும். ‘எண் ஒன்றை அழுத்தவும்’ என்றாலும் அழுத்தலாம்.